லேபல் இல்லாத தட்டுகள்

மனோ,

மூன்று வருடங்களாக வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். போதும். இந்த மௌனத்தைக் கௌரவம் என்று நினைத்துத்தான் இவ்வளவு காலமும் காப்பாற்றி வைத்திருந்தேன். உன் அம்மா அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறாள்; அதை இங்கே எழுத மாட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னர், குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு நின்றவள், சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "வான்கூவரில ஒலிப்பதிவு செய்யிற இடத்தில வேலை கிடைச்சிட்டுதாம். மாதக் கடைசியில போறானாம். இனி இஞ்சால வாறது கஸ்டமாம்." சுவருக்குச் சொன்னது எனக்குத்தான். நீ அவளோடு தொலைபேசியில் பேசுகிறாய் என்பது எனக்குத் தெரியும். நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் எடுப்பாய். சில நாட்களில் நான் அவசியத்துக்கு மேலாகவே நேரம் எடுத்துக் குளித்திருக்கிறேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, உடை மாற்றாமல், கதவுக்குப் பின்னால் நின்றுமிருக்கிறேன். உன் குரல் கேட்காது. அம்மாவின் "ம்" மட்டும் கேட்கும். அந்த "ம்"களை வைத்து நீ என்ன சொல்லியிருப்பாய் என்று ஊகித்துக்கொள்வேன்.

மூன்று வருடத்துக்கு முந்திய அந்தச் சனிக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. ஆனால் நீ வைத்திருக்கும் சனிக்கிழமையும் நான் வைத்திருக்கும் சனிக்கிழமையும் ஒன்றல்ல என்று இப்போது நினைக்கிறேன். என்னுடையதைச் சொல்கிறேன். அன்று பின்னேரம் உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். சொல்லாமல் வருவது அவருடைய உரிமை. எங்களை இந்த நாட்டுக்கு ஸ்பொன்சர் செய்தவர் அவர். இந்த நகரத்தின் அஜின்கோர்ட் பக்கத்தில் சொந்த வீடு உள்ளவர். நான் யாழ்ப்பாணத்தில் பதினேழு வருடம் இரசாயனவியல் படிப்பித்துவிட்டு வந்தேன் என்று யாரிடமாவது சொன்னால், "இஞ்ச வந்தாப்பிறகு உந்த டிகிரியைக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு மாட்ட வேண்டியதுதான்" என்று சிரிப்பவர். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்தக் கடிதத்தில் பல விஷயங்களை விட்டுக்கொடுக்கப் போகிறேன். அந்தச் சிரிப்பு அவற்றில் ஒன்றல்ல.

கை கழுவப் போனவர் திரும்பி வந்து, "தம்பி, உவன் உள்ளுக்க என்ன செய்யிறான் எண்டு ஒருக்கா வந்து பார்" என்றார். வந்து பார்த்தேன். குளியல் தொட்டியில் ஒரு சாண் தண்ணீர். அதில் கறுத்த இசைத்தட்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. நீ தொட்டியின் விளிம்பில் இருந்து, பட்டர் பூசும் கத்தியால் ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒட்டியிருந்த வட்டக் கடதாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாய். பாடியவன் பெயர், பாட்டின் பெயர், எல்லாம் ஈரச் சுருள்களாக நிலத்தில் கிடந்தன.

"உது என்ன?"

"ரெக்கோட்ஸ் அப்பா."

"அது தெரியுது. ஏன் பேரைச் சுரண்டுறாய்?"

"அது ஒரு சவுண்ட் திங் அப்பா. சொன்னா உங்களுக்கு விளங்காது."

பெரியப்பா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "எங்கட பார்க்கிங்கில கார் ரேடியோ களவெடுக்கிறவங்களும் உப்பிடித்தான் நம்பரைச் சுரண்டுறவங்கள்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். தேநீருக்குச் சீனி கேட்பது போன்ற குரல்.

நான் உன்னைக் கள்ளன் என்றேன். இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றை இப்போது உனக்குச் சொல்கிறேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்த அதே கணத்தில் நான் அதை முழுதாக நம்பவில்லை. டோனட் கடையில் நீ நின்று உழைத்து, அந்தச் சம்பளத்தில்தான் தட்டுகள் வாங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். பற்றுச்சீட்டுகளை உன் சட்டைப் பையில் கண்டிருக்கிறேன். ஆனால் என் பின்னால் அண்ணர் நின்றார். அவருக்கு முன்னால் நான் ஒரு கண்டிப்பான தகப்பனாக இருக்க வேண்டியிருந்தது. அதோடு, நீ "விளங்காது" என்றும் சொல்லிவிட்டாய். பதினேழு வருடம் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தியே சாப்பிட்டவனிடம் அந்தச் சொல்லைச் சொன்னாய். உனக்குப் பிள்ளைகள் பிறந்தால், மூன்றாவது ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு அவர்களை விசாரிக்காதே. நீ யாருக்காகப் பேசுகிறாய் என்பது உனக்கே தெரியாமல் போய்விடும். இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று ஏதாவது இருந்தால் இதுதான்.

திங்கட்கிழமை நீ வகுப்புக்குப் போனபிறகு செய்ததற்கு அண்ணரைக் குற்றம் சொல்ல முடியாது. அது நானாகவே செய்தது. நாற்பது தட்டுகளாவது இருக்கும். பால் போத்தல்கள் வரும் பிளாஸ்டிக் பால் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாய். நடையின் முடிவில், மாடிகளிலிருந்து குப்பையைக் கீழே விடும் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொன்றாக விட்டேன். பதினோராம் மாடியிலிருந்து அவை கீழே போய் உடைய எடுத்த நேரத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும். எனக்கு அது கோபத்தில் செய்த காரியமாகப் படவில்லை. ஒழுங்கான காரியமாகப் பட்டது. ஊரில் எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு பையன், லேபல் உரிந்துபோன போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்து மூக்கும் தொண்டையும் வெந்து கிடந்தான். அன்றிலிருந்து நான் ஒரு விதி வைத்திருந்தேன்: பெயரில்லாத போத்தலைத் திறக்காதே, யோசிக்காதே, ஊற்றிவிடு. நல்ல விதி. அதனால் ஒரு பிள்ளைக்கும் பிறகு காயம் வரவில்லை. அந்த விதியை ஆய்வுகூடத்தோடு விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

நீ பின்னேரம் வந்து வெறும் பால் பெட்டியைப் பார்த்தாய். கத்துவாய் என்று எதிர்பார்த்து, பதில்களை ஆயத்தமாக வைத்திருந்தேன். நீ கத்தவில்லை. "நீங்கள் ஒண்டையாவது போட்டுக் கேட்டனீங்களா அப்பா?" என்று கேட்டாய். "பேரில்லாத சாமான் என்ர வீட்டில வேண்டாம்" என்று சொன்னேன். உன் கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அப்போதே தெரியும். இரண்டு நாளில் நீ பையைத் தூக்கிக்கொண்டு சிநேகிதன் வீட்டு நிலக்கீழ் அறைக்குப் போய்விட்டாய். உனக்கு அப்போது பத்தொன்பது வயது.

இனி, நான் போன இடத்தைப் பற்றி எழுதுகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

என் வேலையிடத்தில் வின்சன்ற் என்று ஒரு ஜமேய்க்கர். தயிர்ப் பேணிக்கு மூடி வார்க்கும் மெஷின்களில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். நாலு வருடத்துக்கு முன்னர் மெஷின்காரருக்கு மேற்பார்வை செய்யும் லீட் ஹான்ட் வேலை காலியானபோது அது எனக்குத்தான் கிடைக்கும் என்று நினைத்தேன். அவருக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வேலைக்குத் தேவையான சொற்களுக்கு மேல் அவரோடு பேசியதில்லை. அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை; என் மௌனத்தைச் சுற்றி அவர் தன் பாட்டில் பேசிக்கொண்டிருப்பார். என்னை "ரீச்சர்" என்று கூப்பிடுவார். கேலியா மரியாதையா என்று நாலு வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. எக்ளின்ரன் தெருவின் மேற்குப் பக்கத்தில் தங்கள் சனங்கள் ஓர் இடம் நடத்துகிறார்கள், ரெகே சங்கீதம் எங்கே இருந்து வந்தது என்று காட்டுகிற இடம், வந்து பார் என்று ஒரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் சனிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும் என்று பொய் சொன்னேன். கோயில் நிர்வாகத்தோடு எனக்கு என்ன தகராறு என்பதும், நான் அந்தப் பக்கமே போவதில்லை என்பதும் உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

உன் அம்மா சுவரோடு பேசிய கிழமை, அவர் மறுபடியும் கேட்டார். அவருடைய ஆங்கிலம் எனக்கு முழுதாகப் பிடிபடுவதில்லை. பிடிபட்டதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். "ரீச்சர், நான் அடுத்த மாதம் ஓய்வெடுக்கிறன். இந்தச் சனிக்கிழமை நீ வராட்டி ஓய்வெடுக்க மாட்டன். இன்னும் அஞ்சு வருசம் உனக்கு மேல லீட் ஹான்டா நிப்பன்." நான் ஓம் என்றேன். ஏன் என்று தெரியாது. அந்தச் சனிக்கிழமை வீட்டில் இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

இரண்டு பஸ்ஸும் ஒரு சப்வேயும் எடுத்து அங்கே போய் இறங்கினேன். கீழே ஒரு சலூன், பக்கத்தில் இறைச்சி அடைத்துச் சுட்ட பற்றீஸ் விற்கும் கடை. நடுவில் ஒடுக்கமான படிகள். மேலே ஒருகாலத்தில் தையற்கூடமாக இருந்த நீளமான இடம். ஓய்வுபெற்ற தாதிகளும் பஸ் ஓட்டிய மனிதர்களும் தேவாலயப் பாடகர்களும் சேர்ந்து முறை வைத்து நடத்துகிறார்கள். வாசலில் மிஸ் மேர்ட்டில் என்றொரு அம்மா இருந்தார். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். பழக்கதோஷத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். "கையை அவிழ்" என்றார். "தொடலாம். தொடாமல் பாக்கிறதுக்கு டவுன்ரவுனில மியூசியம் இருக்கு."

முதலில் காட்டியது ஒரு மரப்பெட்டி. நடுவில் ஓட்டை, ஓட்டைக்கு மேல் இரும்பு நாக்குகள். ஆள் அதன்மேல் ஏறி இருந்து, கால்களுக்கிடையில் கையை விட்டு அந்த நாக்குகளைச் சுண்டி வாசிப்பாராம். அடுத்தது மூன்று முரசுகள். பெரியதும் நடுத்தரமும் ஓர் இதயம்போல் ஒரே மாதிரி அடிக்க, சின்னதுதான் பேசுமாம். பிறகு கண்ணாடிப் பெட்டி கூட இல்லாமல் ஓர் ஆணியில் தொங்கிய தகரத் துருவி. "இதையும் வாசிக்கிறதா?" என்று கேட்டேன். "காலமை என்ர அம்மா இதில மரவள்ளிக்கிழங்கு துருவுவா. பின்னேரம் என்ர அப்பா ஒரு முள்ளுக்கரண்டியால இதையே சுரண்டி வாசிப்பார். அம்மா ஏசுவா, துருவி மழுங்குதெண்டு" என்றார் மேர்ட்டில். மரவள்ளி என்றதும், எங்கள் ஊர்க் கிழங்கு என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். இவர்களை எங்கள் வீட்டில் நான் எந்தப் பெயரால் குறிப்பிட்டேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் ஜமேய்க்கச் சிநேகிதர்கள் தொலைபேசி எடுத்தால் எந்தக் குரலில் "அவன் இல்லை" என்று சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கும். அவர்களும் தங்கள் படிப்பையும் தொழிலையும் கடலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்து, இங்கே குளிரில் பஸ்ஸுக்கு நின்றவர்கள். அதைக் கண்டுகொள்ள எனக்குப் பத்து வருடமும் ஒரு துருவியும் தேவைப்பட்டன.

நான் நிற்கும்போதே அவர்களுக்குள் ஒரு சண்டை வந்தது. வாசல் சுவரில் யாருடைய படத்தை முதலில் மாட்டுவது என்று ஒரு பாடகர் குழுவுக்கும் பஸ் ஓட்டியவர்களுக்கும் வாக்குவாதம். ஒருவர் இராஜினாமா செய்வதாகச் சொல்லிவிட்டுப் படியில் இறங்கி, பற்றீஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்: அந்தக் கணத்தில்தான் அந்த இடத்தில் எனக்குக் கூச்சம் போனது. எங்கள் கோயில் கூட்டத்தில் இருப்பதைப் போலவே இருந்தது. ஒரேயொரு வித்தியாசம், இராஜினாமா செய்தவர் திரும்பி வந்தார். நான் எங்கள் கூட்டத்துக்குத் திரும்பிப் போகவேயில்லை.

கடைசி மூலையில், என் உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள். பலகையை அறுத்துத் தாங்களே செய்தவை. அவற்றுக்கு முன்னால் ஒரு மேசை, மேசையில் ஒரு பால் பெட்டி. பெட்டிக்குள் தட்டுகள். வின்சன்ற் ஒன்றை உருவி என் கையில் தந்தார். நடுவில் பெயர் இல்லை. கடதாசி ஊறவைத்துச் சுரண்டிய தடம் மட்டும் இருந்தது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி.

எனக்குள் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? ஒரு சின்னச் சந்தோசம். நான் சரியாகத்தான் இருந்திருக்கிறேன், இவர்களும் களவெடுத்தவர்கள்தான் என்று. "லேபல் எங்க?" என்று கேட்டேன், வகுப்பில் கேட்பது மாதிரி.

வின்சன்ற் சிரித்தார். "லேபலோ? அது எதிராளிக்கு. நாங்கள் எங்கட ஊர் கிங்ஸ்ரனில பெட்டிகளைத் தெருவில வைச்சுப் பாட்டுப் போடுவம். அடுத்த தெருவில இன்னொருத்தன் போடுவான். ஆரின்ர பக்கம் சனம் நிண்டு ஆடுதோ அவன் வெண்டான். ஒரு நல்ல பாட்டைத் தேடிப் பிடிக்கிறதுக்கு ஒருத்தன் வெளிநாட்டுத் தட்டுக் கொண்டுவாற கப்பல்காரர் எல்லாரையும் கெஞ்சியிருப்பான். எதிராளி ஒற்றனை அனுப்புவான், மேசைக்குக் கிட்ட வந்து பேரை வாசிச்சுக்கொண்டு போக. அதுதான் வாங்கின அண்டைக்கே தண்ணியில ஊறப்போட்டுச் சுரண்டுறது. பேரில்லாத தட்டெண்டா அது ஒருத்தன் உயிராய் வைச்சிருந்த தட்டு, ரீச்சர். பேரோட கிடக்கிறது சும்மா தட்டு."

"அப்ப எது எதெண்டு எப்பிடித் தெரியும்?"

"கேட்டாத் தெரியும். ஊசியை வைச்ச உடன முதல் கீறல் சத்தத்திலயே தெரியவேணும். தெரியாட்டி அவன் பெட்டி தூக்கக்கூடாது."

கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தேன். பதினோராம் மாடிக் குழாயில் ஒவ்வொன்றாகப் போனவை மறுபடியும் காதில் கேட்டன. அவை உடையும் சத்தத்தை மட்டும்தான் நான் கேட்டிருக்கிறேன், மனோ. நீ கேட்டதற்கு மூன்று வருடம் பிந்திப் பதில் சொல்கிறேன்: இல்லை. ஒன்றையாவது போட்டுக் கேட்கவில்லை.

வின்சன்ற் ஒரு தட்டைப் போட்டார். பொய் சொல்லக்கூடாது, முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. சட்டை நெஞ்சில் அதிர்ந்தது. தாள அடி நான் எதிர்பார்த்த இடத்தில் விழவில்லை. விழ வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, பிந்தி எங்கேயோ விழுந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி இல்லாத மாடிப்படியில் கால் வைப்பதுபோல் இருந்தது. "அந்த வெறும் இடத்தில அடி தேடாதே" என்றார் வின்சன்ற். "அது உனக்கு விட்ட இடம்." அப்போது எனக்கு எங்கள் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. நீ சோறு வரும்வரை இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருப்பாய். தாளம் தப்புகிறது, தெரியாவிட்டால் தட்டாதே என்று எத்தனை தரம் ஏசியிருக்கிறேன். அது தப்பவில்லை. நீ சரியாகத்தான் தட்டியிருக்கிறாய். மூன்றாம் பாட்டில் என் விரல் மேசையில் அசைந்தது. மேர்ட்டில் கண்டும் காணாததுபோல் போய்விட்டார்.

பிறகுதான் வின்சன்ற் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த ஓர் அம்ப்ளிபயரைக் காட்டினார். பழைய வால்வுகள் வைத்தது, இருபது வருடம் பேசாமல் கிடந்ததாம். "உங்கட ஆள் ஒரு பெடியன்தான் சனிக்கிழமைகளில வந்து இதைத் திருத்தினான். ஒரு வருசமா வாறான். வந்த முதல் நாளே பாத்தன். கழட்டுற ஸ்குரூ எல்லாத்தையும் துணி விரிச்சு, கழட்டின வரிசையில அடுக்கி வைக்கிறான். எனக்குப் பக்கத்து மெஷினில ஒரு விசர் மனுசனும் அப்பிடித்தான் செய்யிறவர். எங்க பழகினாய் எண்டு கேட்டன். என்ர அப்பா, தயிர்ப் பேணிக்கு மூடி வார்க்கிறவர் எண்டான்."

நான் குனிந்து அம்ப்ளிபயரின் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு, ஒரு வருடமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவன் கேக்கேல்லை. நீயும் கேக்கேல்லை. ரெண்டு பேரும் கேக்காமல் இருக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டன்." பிறகு, "இண்டைக்கு அவன் வரமாட்டான், சாமான் கட்டுறான். அதுதான் உன்னை இண்டைக்குக் கூப்பிட்டன்" என்றார்.

இந்த மனிதரோடுதான் நாலு வருடம் பேசாமல் இருந்தேன். லீட் ஹான்ட் வேலைக்கு யாரைத் தெரிந்தெடுப்பது என்று தீர்மானித்தவர்கள் பிழைவிடவில்லை. இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என்னிடம் உள்ள மனத்தாங்கல்கள் பலவற்றை, நான் படித்த புத்தகங்களைவிடக் கவனமாகத் துடைத்து வைத்திருக்கிறேன். என் சான்றிதழ்களைத் திருப்பி அனுப்பிய கந்தோர், அண்ணர், கோயில், எல்லாவற்றையும். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. கேட்டால் இப்போதும் நிரூபிப்பேன். ஆனால் அவர்கள் ஒருவருக்கும் நான் எதையும் செய்யவில்லை. செய்ததெல்லாம் உனக்கு. நீதான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாய்.

போன சனிக்கிழமை மறுபடியும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. என் கையெழுத்தைப் பார்வையாளர் புத்தகத்தில் கண்ட மேர்ட்டில், ஒரு கட்டு வெள்ளை அட்டைகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். காட்சிப் பொருள்களுக்கு லேபல் எழுத வேண்டுமாம், அவர்களில் ஒருவரின் எழுத்தும் மற்றவருக்கு வாசிக்க ஏலாதாம். சிரிக்கலாம் நீ. நானும் உள்ளுக்குள் சிரித்தேன். துருவிக்கு எழுதினேன், முரசுகளுக்கு எழுதினேன். அந்தப் பால் பெட்டிக்கு அட்டையை எடுத்தபோது மேர்ட்டில் தடுத்தார். "அதுக்கு எழுதினா, பாவம் அந்த மனுசன் இருந்து சுரண்டினதுக்கு என்ன பலன்?" அதை விட்டேன். அடுத்தது அம்ப்ளிபயர். "திருத்தினவர் மனோ எண்டு எழுது" என்றார். நான் மனோகரன் என்று முழுதாக எழுதினேன். அதற்கு முன்னால் என் பெயரின் முதலெழுத்தையும் போட்டேன். அவர் அட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுவோ அவன்ர முழுப்பேர்? எங்களுக்கு அவன் சொன்னதில்லையே. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் வைச்ச பேர்" என்றேன்.

மேர்ட்டில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கீழே போய் ஒரு பற்றீஸ் வாங்கிவந்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் அதை முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார். எங்கள் பற்றீஸைவிட உறைப்புக் கூட. கண்ணீர் வந்ததற்கு அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

வருகிற சனிக்கிழமை நீ அங்கே எல்லாரிடமும் விடைபெற வருவாய் என்று அவர் சொன்னார். நானும் அங்கே இருக்கிறேன், அந்த நீள மேசையில், அட்டைகளோடு. நீ படியேறி வரும்போது நான் எழும்பி வர மாட்டேன். வந்து கையைப் பிடித்துக்கொள்ளவும் மாட்டேன். அம்மாவும் வருவாள், அவள் தன் பாட்டில் அழுவாள், அதை என்னால் தடுக்க முடியாது. என்னை அங்கே காண உனக்கு விருப்பமில்லை என்றால் வின்சன்ற்றிடம் ஒரு சொல் சொல்லிவிடு. அவர் எனக்குச் சொல்வார். அன்றைக்கு நான் வர மாட்டேன், கோபிக்கவும் மாட்டேன். இந்த இரண்டாவது வாக்குறுதி எனக்குப் புதிது, முயற்சி செய்வேன். போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போ. உன் காது உனக்குச் சோறு போடப்போகிறது. என் படிப்பு எனக்கு இங்கே செய்யாத காரியம் அது. போவதற்கு முன், அந்தப் பெட்டியில் இருந்து ஒன்றைப் போட்டு, அது என்ன பாட்டு என்று எனக்குச் சொல். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுவேன், நீ இன்னொரு முறை சொல். நான் மாணவர்களுக்கு அப்படித்தான் செய்தேன். மாணவனாக இருந்து பார்த்ததில்லை.

உன் விலாசத்தை அம்மாவிடம் கேட்டேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. அவள் கொப்பியைத் தேடிப் போகவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்த இடத்திலேயே, தெரு இலக்கம் முதல் தபால் குறியீடு வரை மனப்பாடமாகச் சொன்னாள். நான் எழுதி முடித்ததும், "ஒருக்கா வாசியுங்கோ, பிழைவிட்டிருப்பியள்" என்றாள். வாசித்தேன். பிழை இல்லை.

இனிக் கீழே என் பெயரை எழுத வேண்டும். முதலில் "அன்புள்ள அப்பா" என்று எழுதினேன். அந்த இரண்டு சொற்களையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாளை எடுத்து அந்த வரியை மட்டும் கத்தரித்துவிட்டேன். ஒளிப்பதற்காக அல்ல, இவ்வளவும் எழுதியபிறகு ஒளிக்க என்ன இருக்கிறது. என் வீட்டில் பெயரில்லாத சாமானுக்கு இருந்த விதி உனக்குத் தெரியும். அதன்படி இதை உறையோடு குப்பையில் போட உனக்கு முழு உரிமையும் உண்டு. அந்த உரிமையை உன்னிடமிருந்து எடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே இப்படியே, கையொப்பம் இல்லாமல், நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் தபாலில் சேர்க்கிறேன். எறிவதென்றால் எறி, மனோ. ஒருதரம் கேட்டுவிட்டு எறி.